குளத்தில் நின்ற மல்லன்

மற்போரைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வதா என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே உளர். உடலுழைப்பை இழிவாகக் கருதிப் பழகிய சமுதாயத்தில் உடலின் அறிவும் இழிவாகவே எண்ணப்படும். சில ஆண்டுகள் யூடோப் பாயில் விழுந்தெழுந்தவன் நான். அங்கு முதலிற் கற்பிக்கப்படுவது பிறனை வீழ்த்துவதன்று. அடிபடாமல் தான் விழுவது. அந்தப் பழக்கத்தின் கண்கொண்டே அகிரா குரோசாவாவின் முதற்படமாகிய 'சுகாத்தா சன்ஷிரோ'வை அண்மையில் மீண்டும் பார்த்தேன். யப்பான் போரில் மூழ்கியிருந்த 1943ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த படம் அது. அதன் கலைத்திறனில் எவருக்கும் ஐயமிராது. அது சொல்லும் கருத்தே என்னை உறுத்துகின்றது.

கதை எளியது. மெய்ஜி காலத்தில் மற்போர் கற்க நகருக்கு வரும் முரட்டு இளைஞன் சன்ஷிரோ. பழைய யூயுற்சு ஆசான்களின் கூட்டமொன்று, புதிய யூடோவைத் தொடக்கிய யானோ என்பவரை இரவில் ஆற்றங்கரையில் மறித்துத் தாக்குகின்றது. ஒவ்வொருவராக ஆற்றில் விழுகின்றனர். அதைக் கண்ட சன்ஷிரோ தன் மரச்செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, யானோவின் றிக்‌ஷாவைத் தானே இழுத்துச் செல்கின்றான். தோமித்தா சுனேயோ 1942இல் வெளியிட்ட நாவலே படத்தின் மூலம். அவருடைய தந்தை யூடோவின் முதல் மாணாக்கருள் ஒருவர். யானோ என்னும் பாத்திரத்தின் பின்னால் நிற்பவர் யூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோ என்பதை யப்பானியர் யாவரும் அறிவர்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. வரலாற்றுக் கானோ யார்? 1881இல் ரோக்கியோப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு, தமது 21ஆம் வயதில், ஒரு பௌத்தக் கோயிலின் அறையில் 12 பாய்களை விரித்துப் பள்ளி தொடங்கியவர். அவர் குடியிருந்த இடம் கோயில், கற்பித்ததோ இயக்கவியல். இளமையில் அவர் தம் யூயுற்சு ஆசானிடம், தம்மை வீழ்த்திய பிடி எவ்வாறு இயங்குகின்றது என்று கேட்டாராம். விடையாக ஆசான் அவரை மறுபடியும் தூக்கி எறிந்தார். எத்தனை முறை கேட்டாலும் அதுவே விடை. விளக்கம் தராமல் எறிவது நிலப்பிரபுத்துவத்தின் கல்விமுறை. வித்தை அங்கு வம்சச் சொத்து, ஒளித்து வைக்கப்படும் இரகசியம். கானோ விளக்கந் தந்தார். எதிரியின் வலிமை 10 என்க. என் வலிமை 7. எதிர்த்துத் தள்ளினால் எனக்குத் தோல்வியே. அவன் தள்ளும் திசையில் நான் விலகிக்கொடுத்தாலோ அவன் நிலைகுலைவான். அக்கணத்தில் அவனால் பயன்படுத்தக்கூடியது 3 மட்டுமே. என் வலிமையிற் பாதிகூட அவனை வீழ்த்தப் போதும். இதில் மந்திரமில்லை, மாயமில்லை. பலசாலிக்கே வெற்றி என்ற விதியைப் பகுத்தறிவு உடைத்த இடம் இது.

படத்தில் இந்தக் கணக்கு எங்கே? தேடினேன், கிடைக்கவில்லை. அதற்கு மாறாக நமக்குக் கிடைப்பது ஒரு குளம். திருவிழாத் தெருவிற் சண்டையிட்டுத் திரும்பும் சன்ஷிரோவை, மனித நெறி அறியாதவன் என்று ஆசான் கடிந்துகொள்கிறார். ஆணையிட்டால் இறக்கவும் தயார் என்கிறான் சீடன். அப்படியானால் இற என்கிறார் ஆசான். கதவைத் திறந்து குளத்தில் குதிக்கிறான். சேற்றில் நட்ட முளையைப் பற்றியபடி இரவு முழுவதும் நிற்கிறான். கோயிற் குரு வந்து எள்ளி நகையாடுகிறார். விடியலில் தாமரை மலர்கின்றது, ஞானம் பிறக்கின்றது. காட்சி அழகானதே, அழகாயிருப்பதே அதன் ஆபத்து. 'ஏன்' என்று கேட்ட மனிதனின் வாழ்க்கையிலிருந்து எடுத்த கதையில், 'ஏன்' என்று கேளாமல் சாகத் துணிவது முத்திக்கு வழியாகின்றது. 1943இல் அந்த ஆணையை எதிர்நோக்கி இலட்சக்கணக்கான இளைஞர் நின்றனர் என்பதை மறந்து இக்காட்சியைச் சுவைக்க என்னால் இயலவில்லை.

வில்லன் ஹிகாக்கியைப் பாருங்கள். மேனாட்டு உடை, கையிற் சிகரெட், அதன் சாம்பலைப் பூவில் தட்டுகிறான். தீமை அந்நிய உடையில் வருகின்றது. ஆனால் மெய்யான கானோ, இளமையில் நாட்குறிப்பையே ஆங்கிலத்தில் எழுதியவர்; 20 ஆண்டுகளுக்கு மேல் உயர்தர ஆசிரிய கலாசாலையின் அதிபராயிருந்தவர். சீன மாணவருக்காக அவர் நிறுவிய பள்ளியில்தான் லூ சுன் 1902 முதல் இரண்டாண்டுகள் பயின்றார். அவரைத் தூய தேசியவாதியாகக் காட்டப் பெரிதும் வெட்டித் திருத்தவேண்டியிருந்தது. அவரும் குற்றமற்றவரல்லர், பேரரசின் கல்வி இயந்திரத்தில் அவர் ஒரு முக்கிய உறுப்பு. 1931இல் யூடோ நடுத்தரப் பாடசாலைகளிற் கட்டாயமானபோது அது யாருக்குப் பயன்படும் என்பது தெரியாதிருந்திருக்க முடியாது. 1938இல் அவர் இறந்தார். கட்டாயம் நிலைத்தது.

எனினும் குரோசாவா மகா கலைஞர். கருத்து ஒரு பக்கம் இழுக்க, கமெரா மறுபக்கம் நழுவிவிடுகின்றது. சன்ஷிரோ எறிந்த மொன்மா சுவரில் மோதி இறக்கிறான். சன்னற் சட்டம் ஒன்று மிக மெதுவாக அவன்மேற் சரிகின்றது. அதன்பின் அவன் மகளின் முகம். வெற்றியைக் கொண்டாடவேண்டிய இடத்தில், வீழ்ந்தவனுக்கும் வீடுண்டு என்று படம் காட்டிவிடுகின்றது. முதிய ஆசான் முராயி, தூக்கி எறியப்பட்டும் மகளின் குரல் செவியில் ஒலிக்க மீண்டும் எழ முயல்கிறார். மானியமும் மதிப்பும் இழந்து நலிந்துபோன ஒரு வர்க்கத்தின் சோகம் அம்முதியவரின் தள்ளாட்டத்தில் முழுமையாக உள்ளது. தாமரையைவிட இத்தள்ளாட்டமே எனக்குப் பெரிய கலை.

அதிகாரத்திற்கு இதுவும் மிகையாய்த் தோன்றியது. தணிக்கையாளர் காதற் காட்சியில் மேனாட்டு வாடை கண்டனர். 1944இல் மறுபடி திரையிட்டபோது 1,800 அடிக்கு மேல் நெறியாளரைக் கேளாமலே வெட்டப்பட்டது. 1945 மே மாதம் வந்த இரண்டாம் பாகத்தில் சன்ஷிரோ அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரனை வீழ்த்துகிறான். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

போரின் பின் பாடசாலைகளில் விலக்கப்பட்ட யூடோ 1950இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2012இல் நடுத்தரப் பாடசாலைகளில் தற்காப்புக் கலைகள் கட்டாய பாடமாகின. பெரும்பாலான பாடசாலைகள் யூடோவையே தெரிந்தன. அதற்கு முந்திய 30 ஆண்டுகளில் பாடசாலை யூடோவில் இறந்த பிள்ளைகள் 100க்கு மேல். பலருக்குத் தலையில் அடி. அவர்களிற் பெரும்பகுதியினர் முதலாண்டு மாணவர்: விழக் கற்று முடியாதவர்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் 2010இல் சங்கமாகத் திரண்டன. தம் பிள்ளை எவ்வாறு வீழ்ந்தான், ஏன் வீழ்த்தப்பட்டான் என்பதே ஆசிரியரிடம் அவர்கள் கேட்டது.