முற்றுப்பெறாத மூளையா? – கட்டிளமைப் பருவம் பற்றிய நூலொன்றும் சில வினாக்களும்

இளையோரைப் பற்றி முதியோர் குறைகூறுதல் எக்காலத்துக்கும் உரியது. ஆயின், அக்குறைகூறலுக்கு விஞ்ஞானத்தின் முத்திரை கிடைத்தமை அண்மைக் காலத்து நிகழ்ச்சியாகும். “இருபத்தைந்து வயதுவரை மூளை முற்றுப்பெறுவதில்லை” என்னும் வாசகம் இன்று பலரது வாயிலும் வழங்குகின்றது. இவ்விதழைப் படிக்கும் மாணவருட் பெரும்பாலோர் அவ்வயதைத் தாண்டாதவர். எனவே, அவ்வாசகத்துக்கு ஆதாரம் யாது, அதிலிருந்து எதனை முடிவாகக் கொள்ளலாம் என்று ஆராய்தல் நமக்கு வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று.

இவ்வாராய்வுக்கு ஏற்றதொரு நூல், நரம்பியல் அறிஞர் சாரா-ஜேன் பிளேக்மோர் எழுதி 2018இல் வெளியான ‘இன்வென்ரிங் அவர்செல்வ்ஸ்’ என்பதாகும். ‘நம்மை நாமே ஆக்கிக்கொள்ளல்’ என அதன் தலைப்பைத் தமிழிற் கூறலாம். அவ்வாண்டில் பிரித்தானிய றோயல் சங்கத்தின் விஞ்ஞான நூற்பரிசையும் அது பெற்றது. கட்டிளைஞரின் மூளை பழுதுற்ற மூளையன்று. மனிதன் தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ளும் ஒரு தனிப்பருவத்தின் மூளையே அது என்பதே நூலின் மையக் கருத்து.

இக்கருத்தின் பெறுமதியை உணர, முன்னைய வரலாற்றை நினைவுகூர்தல் வேண்டும். 1904இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்ரான்லி ஹோல் இரு பாகங்களில் வெளியிட்ட பெருநூல், இப்பருவத்தைப் புயலும் கொந்தளிப்பும் நிறைந்ததெனச் சித்திரித்தது. 1928இல் மார்கிரெட் மீட், சமோவாத் தீவுப் பெண்களை ஆதாரமாகக் காட்டி, கொந்தளிப்பு உடலின் நியதியன்று, பண்பாட்டின் விளைவே என வாதிட்டார். அவரது களஆய்வு பின்னர் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயினும், அவர் எழுப்பிய வினா இன்றும் மறையவில்லை. மூளை பற்றிய ஆய்வுகள் இவ்விவாதத்துட் புகுந்தது பிற்காலத்திலேயாம்.

1979இல் பீற்றர் ஹட்டன்லொக்கர், இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்து, முன்மூளை மேற்பட்டையிலுள்ள நரம்பிணைப்புகள் குழந்தைப் பருவத்தில் மிகுந்திருந்து பதின்ம வயதை நோக்கிக் குறைவதைக் கண்டார். 1999இல் ஜே கீட் குழுவினர், உயிருள்ள சிறுவரின் மூளையைக் காந்தப் பரிவுப் படங்களால் ஆண்டுகள் இடைவிட்டு மீண்டும் மீண்டும் நோக்கினர். நெற்றிப் பகுதியின் நரைநிறப் பொருள் பூப்புக் காலமளவில் உச்சத்தையடைந்து பின்னர் குறைவதையும், வெண்ணிறப் பொருள் தொடர்ந்து பெருகுவதையும் அவர்கள் காட்டினர். பயன்படும் இணைப்புகள் வலுப்பெறப் பயன்படாதவை களையப்படுகின்றன என்பது இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். ஆகவே இங்கு குறைதல் என்பது இழப்பன்று, ஒருவகைச் செம்மையாகும்.

நடத்தை பற்றிய பரிசோதனைகளுள் 2005இல் காட்னரும் ஸ்ரைன்பேர்க்கும் நடத்தியது புகழ்பெற்றது. கணினியில் வாகனம் ஓட்டும் விளையாட்டொன்றில், தனித்திருந்தபோதிலும் பார்க்க நண்பர் உடனிருந்தபோது 13 முதல் 16 வயதினர் மிகுந்த ஆபத்தைத் துணிந்தேற்றனர். 24 வயதைத் தாண்டியோரிடம் நண்பரின் முன்னிலை அத்தகைய மாற்றத்தை விளைவிக்கவில்லை. இதனை அறிவின்மை எனப் பிளேக்மோர் கொள்ளவில்லை. நண்பர் கூட்டத்தால் ஒதுக்கப்படுதலே அவ்வயதினருக்குப் பேராபத்து. அதனைத் தவிர்க்க வேறோர் ஆபத்தை ஏற்பதில் ஒரு நியாயம் உண்டு என்கிறார். நூலின் சிறந்த பகுதி இதுவே.

எனினும் சில எச்சரிக்கைகள் அவசியமாகின்றன. முதலாவது, காந்தப் பரிவுப் படத்தில் நரம்பிணைப்பு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நரைநிறப் பொருளின் குறைவை இணைப்புக் களைதலாகக் கொள்வது அனுமானமே. வெண்ணிறப் பொருளின் பெருக்கமும் அத்தோற்றத்துக்குக் காரணமாகலாம். இரண்டாவது, சராசரி வேறு, தனிமனிதன் வேறு. பிளேக்மோரும் உடனாய்வாளரும் 33 பேரின் மூளை வளர்ச்சியைத் தொடர்ந்து ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட கட்டுரையே, உணர்ச்சிப் பகுதிகள் முந்தியும் கட்டுப்படுத்தும் பகுதி பிந்தியும் வளரும் கோலம் எல்லோரிடத்தும் ஒரேவகையாக அமையவில்லை எனக் காட்டிற்று. மூன்றாவது, இருபத்தைந்து வயதில் எல்லைக்கோடு எதுவும் இல்லை, மாற்றம் படிப்படியானது. நான்காவது, நூலில் வரும் பரிசோதனைகளுட் பெரும்பாலானவை பிரித்தானிய, அமெரிக்க ஆய்வுகூடங்களுக்குரியவை. அங்குள்ள மாணவரின் நடத்தையை மனித இயல்பெனப் பொதுமைப்படுத்துமுன் தயங்குதல் வேண்டும்.

இத்தயக்கம் எவ்வளவு முக்கியமானது என்பதை நீதிமன்ற வரலாறு உணர்த்துகின்றது. 2005இல் அமெரிக்க உயர்நீதிமன்றம், 18 வயதுக்குமுன் புரிந்த குற்றத்துக்கு மரணதண்டனை விதித்தலாகாதெனத் தீர்ப்பளித்தது. இளையோரின் முதிர்ச்சியின்மையை எடுத்துக்காட்டி அமெரிக்க உளவியற் சங்கம் அவ்வழக்கில் கருத்துரைத்திருந்தது. ஆனால் 1990இல், கருக்கலைப்பு வழக்கொன்றில், தாமே முடிவெடுக்குமளவுக்குப் பதின்ம வயதினர் முதிர்ச்சியுடையர் என அதே சங்கம் கூறியிருந்தது. மாற்றுத் தீர்ப்பெழுதிய நீதியரசர் ஸ்கலியா இம்முரண்பாட்டைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

முரண்பாடு மேலோட்டமானது என்பதே ஸ்ரைன்பேர்க் முதலியோரின் விடை. நிதானமாகச் சிந்தித்து ஆலோசனை பெற்று முடிவெடுக்கும் ஆற்றல் ஒன்று; உணர்ச்சிவேகத்தில், தோழர் சூழ நிற்கையில் தன்னை அடக்கும் ஆற்றல் மற்றொன்று. 11 நாடுகளில் 5,000இற்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, முன்னையது 16 வயதளவில் வளர்ந்தோர் நிலையை எட்டுவதையும், பின்னையது 18 வயதுக்கு அப்பாலும் வளர்வதையும் எடுத்துக்காட்டியது. அந்நாடுகளுள் இந்தியாவும் கென்யாவும் அடங்கும்.

இவ்வேறுபாட்டை மறந்தால் விஞ்ஞானம் இருபுறமும் வெட்டும் வாளாகும். தூக்குக் கயிற்றிலிருந்து ஒரு சிறுவனைக் காத்த அதே வாசகம், பல்கலைக்கழக மாணவனின் நியாயமான கருத்தை “இன்னும் முற்றாத மூளை” என்று தள்ளிவிடவும் பயன்படலாம். தண்டிக்கையில் இரக்கம் காட்டுவதற்குரிய காரணம், கலந்தாலோசிக்கையில் செவிசாய்க்காமைக்குரிய காரணமாகாது.

‘முற்றுப்பெறாமை’ என நாம் அழைப்பதன் மறுபெயர் ‘கற்கும் ஆற்றல்’ என்பதாகும். பயன்படுவது வலுப்பெறும் என்பது உண்மையாயின், பொறுப்பை ஏற்றுச் சிந்திக்கும் வாய்ப்பை இளையோருக்கு மறுத்துவிட்டு, பின்னர் அவர்களிடம் முதிர்ச்சியை எதிர்பார்ப்பது எங்ஙனம்? இவ்வினாவை நம்முள் எழுப்புவதே இந்நூலால் நாம் பெறும் பெரும்பயன் எனலாம்.