முயல் சுட்ட வீடு

என்னுடைய ஆரம்ப கால நாவல் ஒன்றில் முயல் வேட்டை வருகிறது. கதாநாயகன் துரத்துகிறான்; முயல் ஓடி வளைக்குள் புகுந்துகொள்கிறது; அவன் புகை போட்டு அதை வெளியே வரவழைக்கிறான். பிறகு மிளகும் தேங்காயும் அரைத்து, ஒரு முழுப் பக்கத்துக்குக் குழம்பு கொதிக்கிறது. அந்த அத்தியாயத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. கரிசல்காட்டுப் பெரியவர் ஒருவர் ஒரு கார்டு போட்டார். “தங்கள் முயல் சீமையிலிருந்து வந்ததோ? எங்கள் ஊர் முயல் வளை தோண்டுவதில்லை.”

அவர் சொன்னதுதான் சரி. நம் நாட்டுக் காட்டு முயல் புதர் ஓரத்திலோ புல்லுக்கு நடுவிலோ லேசாகப் பள்ளம் பறித்துப் படுத்திருக்கும். அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வளை தோண்டி அதற்குள் கண் திறவாத வெற்றுக் குட்டிகளைப் போடுவது ஐரோப்பாவின் குழிமுயல். இரண்டுக்கும் நாம் ‘முயல்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். நான் என் முயலை இங்கிலீஷ் நாவல்களில் பிடித்திருந்தேன்!

இன்று காட்டுக்குப் போய் வேட்டையைக் கற்றுக்கொள்ளவும் வழியில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின்படி அது குற்றம். ஆனால் கண்ணால் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் காட்டும் எயினர்கள் பட்டப்பகலில் நாய்களோடு போகிறார்கள். பசும் புதர்களை அடித்துக் கலைக்கிறார்கள். வேலி வாய்களில் வலையை மாட்டி, நெடுங்காதுக் குறுமுயலைத் தப்ப வழியின்றி வளைத்துப் பிடிக்கிறார்கள். முயலுக்காக அங்கே யாரும் மண்ணைத் தோண்டவில்லை; புகையும் போடவில்லை. முயல் எங்கே படுக்கும் என்பது புலவருக்குத் தெரியும்.

இது வேட்டை. சமையலுக்கு வேறொரு பாட்டுக்குப் போகவேண்டும். புறநானூற்றின் 319-ஆம் பாட்டு. பாடியவர் ஆலங்குடி வங்கனார். பொழுது இறங்கிய நேரத்தில் ஒரு பாணன் சீறூர் ஒன்றின் வாசலில் வந்து நிற்கிறான். செம்மண்ணில் தோண்டிய கிணற்றின் கலங்கல் நீர் கொஞ்சம் ஒரு பழைய சாடியில் இருக்கிறது. முற்றத்தில் காய்ந்த தினையைத் தூவினால் புறாவும் கௌதாரியும் வரும். பிடித்து விருந்து செய்யலாம். ஆனால் இருட்டிவிட்டது. ஆகவே, சுட்ட முயல்தான் என்றாலும் தருகிறோம், உள்ளே வந்து இரு என்கிறது அந்த வீடு. தலைவன் வேந்தன் ஏவிய காரியமாக நேற்றுப் போயிருக்கிறான். வந்ததும் உனக்குப் பொற்றாமரை சூட்டுவான் என்றும் சொல்கிறது.

இந்தப் பாட்டைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் பொற்றாமரையைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. வாடாத தாமரை பழம்பாட்டுகளில் எத்தனையோ பாணர்களுக்குக் கிடைத்திருக்கிறது. இந்த வீட்டுக்கென்றே உரியது அந்த முயல்தான். அதோடு ஒட்டிய ‘ஆயினும்’ என்ற சொல்.

காட்டு முயலின் கறியில் கொழுப்புக் கிடையாது. நெருப்பில் கொஞ்சம் அசந்தால் நாராகிவிடும். ஆறினாலோ கேட்கவே வேண்டாம். இரண்டு மூன்று பேருக்கு மேல் காணவும் காணாது. இதெல்லாம் தெரிந்தவள்தான் ‘ஆயினும்’ என்று சொல்ல முடியும். பேசுகிறவள் அந்தத் தலைவனின் மனைவி என்று கொண்டால், அந்த ஒரு சொல்லில் அவளுடைய வெட்கமும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. இல்லை என்று அனுப்பிவிடவும் அவளுக்கு மனமில்லை. இருப்பதைப் பெரிதாகச் சொல்லவும் வாய் வரவில்லை.

அந்த முயலை யாருக்காகச் சுட்டு வைத்திருந்தார்கள்? பாட்டு சொல்லவில்லை. ஆனால் அடுத்த அடிகளிலேயே பரட்டைத் தலைச் சிறுவர்கள் வருகிறார்கள், காட்டுப் பசுவின் கன்றைத் தங்கள் வீட்டுக் கன்றைப்போலப் பூட்டி விளையாடிக்கொண்டு. நம்மில் ஒருவர் இதை எழுதியிருந்தால், அந்தப் பிள்ளைகளில் ஒன்றாவது பசியால் அழுதிருக்கும். தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்திருப்பாள். வங்கனார் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டார். எனக்கோ, அவர்களுடைய விளையாட்டைப் படிக்கும்போதுதான் அந்த வீட்டு இராச் சாப்பாட்டைப் பற்றிக் கவலை வருகிறது.

வறுமையைப் பற்றி நாம் நிறைய எழுதுகிறோம். ஏழை வீட்டில் என்ன இல்லை என்று நீளமான ஜாபிதா கொடுக்கிறோம். அந்த வீட்டில் என்ன இருக்கிறது, அதை எப்படி எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பது குறைவு. இந்தக் குற்றச்சாட்டில் முதல் பிரதிவாதி நான்தான்.

பெரியவரின் கார்டு வந்த பிறகு, அடுத்த பதிப்பில் வளையை எடுத்துவிட்டுப் புதரைப் போட்டேன். குழம்பை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. வாசகர்கள் ரசித்தார்களே என்று விட்டுவைத்தேன். அந்தக் குழம்பை வைத்தவள் நாலு நாளாக அடுப்பு மூட்டாத வீட்டுக்காரி. மிளகும் தேங்காயும் அவளுக்கு எங்கிருந்து வந்தன என்று நானும் யோசிக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. இன்னொரு பதிப்பு வந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் அடிக்கவேண்டும்.