இரவல் வார்த்தைகள்

இரவல் வார்த்தைகளைப் பற்றி எழுத்தாளனுக்கு இயற்கையாகவே ஒரு வெறுப்பு உண்டு. தன் அனுபவத்தைத் தன் சொல்லில் சொல்ல வேண்டும் என்பதுதான் அவன் தொழிலின் முதல் பாடம். பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறவனை நாம் எழுத்தாளன் என்று ஒப்புக்கொள்வதில்லை. இந்தப் பாடத்தை இருபது வருஷங்களாக முடிந்த மட்டும் கடைப்பிடித்து வந்திருக்கிறேன். ஆனால் எழுத்துக்கு உரிய சட்டத்தைப் பிரார்த்தனைக்கும் போட்டுப் பார்த்து ஒரு தடவை தவறு செய்தேன். அந்தத் தவறு அச்சேறி, என் சிறுகதைத் தொகுதி ஒன்றில் இன்னும் இருக்கிறது. அதைப் பற்றியும், அது தவறு என்று எனக்கு உணர்த்திய ஒரு பழைய புஸ்தகத்தைப் பற்றியும் இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

பாளையங்கோட்டையில் சில காலம் குடியிருந்தேன். பக்கத்து வீட்டில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் இருந்தார், வேதக்காரர். விடியற்காலம் ஐந்து மணிக்கு அவர் வீட்டு முன்கூடத்தில் விளக்கு எரியும். வேதபுஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சங்கீதம் ஒன்றை வாய்விட்டுப் படிப்பார். சங்கீதம் என்றால் பாட்டுக் கச்சேரி அல்ல; அந்தப் புஸ்தகத்தில் உள்ள 150 பாடல்களுக்குப் பெயர் அது. ஒரு வசனத்தைப் படிப்பார். நிறுத்துவார். அதே வார்த்தைகளைக் கொஞ்சம் திருப்பி, வெளியூரிலிருந்த மகனுடைய பெயரையும் தம் முழங்கால் வலியையும் நடுவே வைத்து, கடவுளிடம் சொல்வார். பிறகு அடுத்த வசனம். நாள் தவறாமல் இப்படி நடக்கும். இடையில் இருந்தது ஒரே சுவர். எனக்கு எல்லாம் கேட்கும்.

கேட்டதைச் சும்மா விடுவேனா? கதையாக்கினேன். மகனால் கைவிடப்பட்ட ஒரு விதவை சங்கீதம் படித்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் வழியாக வந்த காற்று ஏட்டைப் புரட்டி விடுகிறது. அவள் அதைக் கவனிக்கவில்லை. பழைய பக்கத்தையே சொல்லிக்கொண்டு போகிறாள். அங்கே கதையை முடித்துவிட்டேன். உதடு ஜெபிக்கிறது, உள்ளம் எங்கேயோ இருக்கிறது என்பது தாத்பரியம். பத்திரிகைக்குப் பாராட்டிக் கடிதங்கள் வந்தன. முடிவு அற்புதம் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

டீச்சரம்மா பத்திரிகையை வாங்கிப் படித்துவிட்டு, மறுநாள் தாமே கொண்டுவந்து கொடுத்தார்.

"கதை நன்றாய்த்தான் இருக்கு, தம்பி. காற்று ஏட்டைப் புரட்டினதை அவள் கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்குக் கவனிக்கணும்? அவளுக்குத்தான் அது மனப்பாடம் ஆயிற்றே" என்றார்.

"அப்படியானால் புஸ்தகம் எதற்கு, டீச்சரம்மா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வழி தெரியும் என்கிறதற்காகத் தெருவில் நடக்காமல் வீடு போய்ச் சேர முடியுமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.

சில வருஷங்கள் கழித்து அகஸ்டின் எழுதிய 'அறிக்கைகள்' என்ற நூலை ஆங்கிலத்தில் படித்தேன். நான் கல்லூரியில் இரண்டே வருஷம் படித்தவன், லத்தீன் தெரியாது. மொழிபெயர்ப்பில் படித்ததை வைத்துக்கொண்டு ஒரு கதாசிரியன் என்ன சொல்ல முடியுமோ அதைத்தான் சொல்கிறேன்.

அகஸ்டின் 354ல் வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள ஒரு சிறிய ஊரில் பிறந்தார். பேச்சுக் கலை சொல்லிக்கொடுப்பது அவர் உத்தியோகம். கார்த்தேஜ், ரோம், மிலான் என்று பெரிய ஊர்களில் வாத்தியாராக இருந்து, 386ல் அதை விட்டார். பிற்பாடு ஹிப்போ நகரத்தின் ஆயராகி, 397 வாக்கில் இந்த நூலை எழுதத் தொடங்கினார். பதின்மூன்று பாகங்கள். முதல் ஒன்பதும் அவர் வாழ்க்கைக் கதை. ஆனால் வாசகனைப் பார்த்து அவர் கதை சொல்வதில்லை. நூல் முழுவதும் கடவுளைப் பார்த்துப் பேசுகிறார். நாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறோம், சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டதைப் போல.

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. சொந்தக் கதை சொல்ல வந்த இந்த நூலின் முதல் வார்த்தைகளே சொந்த வார்த்தைகள் அல்ல. அவை சங்கீதத்திலிருந்து எடுத்தவை. அதற்குப் பிறகு பக்கத்துக்குப் பக்கம் சங்கீத வசனங்கள் அவருடைய வாக்கியங்களுக்குள் புகுந்து வருகின்றன. எது அவருடையது, எது தாவீதுடையது என்று பிரித்துச் சொல்வது சிரமம். மேற்கோள் குறி போட்டு எழுதுகிற வழக்கத்திலிருந்து இது வேறு. நம் பாட்டிமார் பழமொழியில் பேசுவது போல என்று சொன்னால் ஓரளவு சரியாக இருக்கும்.

இத்தனைக்கும் இளம் வயதில் அவருக்கு இந்த வேதபுஸ்தகம் பிடிக்கவே இல்லை. சிஸரோவின் நடையில் ஊறியவருக்கு இது வெறும் கொச்சையாகப் பட்டது; அவரே அதை ஒப்புக்கொள்கிறார். அவர் கையில் இருந்த சங்கீதங்கள் எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்கும், கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கும் வந்தவை. எபிரேயம் அவருக்குத் தெரியாது. ஆக, அது இரவலுக்கு இரவல். சொல்லை விற்றுப் பிழைத்த ஒரு மனிதர், தம் வாழ்க்கையிலேயே முக்கியமான பேச்சைப் பேச வேண்டிய இடத்தில், தமக்குப் பிடிக்காமல் இருந்த அந்த வார்த்தைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன்?

ஒன்பதாம் பாகத்தில் இதற்கு விடை இருக்கிறது. வேலையை விட்ட வருஷம், மிலானுக்கு வெளியே ஒரு நண்பருடைய பண்ணை வீட்டில், தாயாரோடும் சிநேகிதர்களோடும் தங்கியிருக்கிறார். இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. பல்வலி வேறு, பேச முடியாமல் மெழுகுப் பலகையில் எழுதிக் காட்டி, எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று கேட்கிறார். அங்கே நான்காம் சங்கீதத்தைப் படித்த அனுபவத்தை வசனம் வசனமாகச் சொல்கிறார். டீச்சரம்மா செய்ததேதான்: ஒரு வசனம், ஒரு நிறுத்தம், அதற்குத் தம் வாழ்க்கையிலிருந்து ஒரு பதில். பொய்யை விரும்பித் தேடுகிறவர்களைப் பார்த்து அந்தப் பாட்டு ஒரு கேள்வி கேட்கிறது. படிக்கிறவர் நடுங்கிப் போகிறார். ஒன்பது வருஷ காலம் அப்படித் தேடியவர் தாமே என்று நினைவு வருகிறது. பாட்டைக் கையில் எடுத்தவர் இவர்; ஆனால் கேள்வி கேட்பது பாட்டு.

நான் கவனிக்கத் தவறியது இதைத்தான். சொந்த வார்த்தையில் பேசுகிறவன் தனக்குத் தெரிந்ததைத்தான் பேசுவான். தான் கேட்க விரும்பாத கேள்வியை அவன் தன்னையே கேட்டுக்கொள்ளமாட்டான், நாசூக்காக ஒதுக்கிவிடுவான். இரவல் வார்த்தைக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

தாயார் மோனிக்கா 387ல் இறந்துபோகிற இடம் இதைவிட நுட்பமானது. அகஸ்டினுக்கு அப்போது வயது 32. அழக் கூடாது என்று கண்ணை அடக்கிக்கொள்கிறார். வாய்விட்டு அலறிய மகனையும் அடக்கிவிடுகிறார்கள். நண்பர் ஒருவர் சங்கீத ஏட்டை எடுத்துப் பாட, வீடே சேர்ந்து பாடுகிறது. அகஸ்டின் அழவில்லை. அடக்கம் முடிகிறது, அழவில்லை. குளித்தால் துக்கம் போகும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்ததால், போய்க் குளித்துவிட்டு வருகிறார். குளித்தும் அப்படியே இருக்கிறது. தூங்கி எழுந்து, படுக்கையில் தனியாக இருக்கும்போது, தமக்கு ஞானஸ்நானம் கொடுத்த அம்புரோஸ் இயற்றிய பாட்டு ஒன்று ஞாபகம் வருகிறது. அப்போதுதான் அழுகிறார்.

இதில் நான் மெச்சுவது அவருடைய நேர்மையை. பக்தி நூல் எழுதுகிற சாமானியன் என்ன செய்திருப்பான்? சங்கீதம் பாடிய உடனே கண்ணீர் வந்தது, ஆறுதல் வந்தது என்று எழுதியிருப்பான். வரவில்லை என்று எழுதுகிறார் அகஸ்டின். ஊரோடு சேர்ந்து பாடும்போது வேலை செய்யாத வார்த்தை, மனசுக்குள் ஊறிக் கிடந்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் வேலை செய்கிறது. மனப்பாடத்தை யந்திரம் என்று நினைத்தவன் நான். மனப்பாடம் இல்லாவிட்டால் அன்று படுக்கையில் அவருக்கு என்ன வந்திருக்கும்?

பின்னால் வந்த துறவிகள் இதை ஒரு முறையாகவே வகுத்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில், 150 சங்கீதங்களும் வாரத்துக்கு ஒரு தடவை பாடி முடியவேண்டும் என்று வைத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்ஸில் இருந்த இரண்டாம் கீகோ என்ற துறவி நான்கு படிகள் சொன்னார்: வாசிப்பு, தியானம், ஜெபம், அதற்கு மேல் நம்மவர் சும்மா இருத்தல் என்று சொல்வதற்குச் சமீபமான ஒரு நிலை. வாசிப்பது உணவை வாயில் வைப்பது. தியானம் அதை மெல்லுவது என்பது அவர் உவமை. மாடு அசைபோடுவதைப் போல என்றும் அந்த மடங்களில் சொல்வார்கள். இது நமக்கு விளக்க வேண்டிய உவமை அல்ல. யோசனை செய்வதையே அசைபோடுவது என்று சொல்கிற பாஷை நம்முடையது.

இவ்வளவு சொன்னதால் அகஸ்டினிடம் எனக்குக் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். சில இடங்களில் கல்யாண வீட்டுச் சீர்வரிசைத் தட்டுகள் மாதிரி வசனத்தின் மேல் வசனமாக வந்துகொண்டே இருக்கிறது. பழைய பேச்சுக் கலை வாத்தியார் இன்னும் சாகவில்லை என்று தெரிகிறது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அவரோடு பல வருஷங்கள் வாழ்ந்து, அவருக்கு ஒரு பிள்ளையும் பெற்ற பெண்ணை, வேறு கல்யாணம் பேசியதற்காக ஆப்பிரிக்காவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனசு கிழிந்து ரத்தம் கசிந்தது என்று சொல்கிறார். ஆனால் சில வரிகளில் அவளைக் கடந்து போய்விடுகிறார். அவள் பெயரைக்கூட எழுதவில்லை. பேரிக்காய் திருடிய பையன் குற்றத்துக்கு அவ்வளவு பக்கம் கொடுத்தவர், இவளுக்காக ஒரு சங்கீதத்தை எடுத்துக்கொண்டு உட்காரவில்லை. இரவல் வார்த்தை கண்ணாடியாகவும் இருக்கலாம், திரையாகவும் இருக்கலாம் என்பதற்கு அந்த நூலே சாட்சி. வார்த்தை யாருடையது என்பதல்ல விஷயம். அது நம்மைக் கேள்வி கேட்க இடம் கொடுத்தோமா என்பதுதான்.

430ல் வாண்டல் படைகள் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது அகஸ்டின் காய்ச்சலில் படுத்தார். தாவீதின் பாடல்களில் மனம் வருந்திப் பாடியவற்றை எழுதிச் சுவரில் மாட்டச் சொல்லி, படுத்தபடியே பார்த்துப் படித்து அழுதுகொண்டிருந்தார் என்று, அவரோடு பழகிய பொஸ்ஸீடியஸ் எழுதிய சரித்திரம் சொல்கிறது. வைத்தியரும் சாப்பாடும் வருகிற நேரம் தவிர வேறு யாரும் உள்ளே வரக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டாராம். அலமாரி அலமாரியாக எழுதிக் குவித்தவர். கடைசியில் தம் எழுத்தில் ஒரு வரியைச் சுவரில் மாட்டச் சொல்லவில்லை. நான்காம் சங்கீதம் படித்ததைப் பற்றி எழுதும்போது, பழைய கூட்டாளிகள் தமக்குத் தெரியாமல் பக்கத்தில் நின்று அதைக் கேட்டிருந்தால் நன்றாயிருக்கும், தெரிந்தால் தம் பேச்சு மாறிவிடும் என்று அவர் ஆசைப்பட்டது உண்டு. கேட்பவர்களை வைத்துப் பேசியே பழகியவர், முடிவில் கதவைச் சாத்திக்கொண்டார்.

டீச்சரம்மாவைக் கடைசியாகப் பார்த்தபோது அவருக்குக் கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வேதபுஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று முடிகிற வரையில் காத்திருந்தேன். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை. என் கதை தவறு என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று போயிருந்தேன். அவர் என் குழந்தைகளைப் பற்றி விசாரித்தார். அதற்குப் பதில் சொல்வதிலேயே நேரம் போய்விட்டது. அடுத்த மாதம் அவர் இல்லை.

தொகுதியின் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்தக் கதையை எடுத்துவிடலாமா என்று பதிப்பாளரைக் கேட்டேன். வாசகர்களுக்குப் பிடித்த கதை, இருக்கட்டும் என்றார். இருக்கிறது. அதைப் படிக்க நேர்கிறவர்கள் இந்தக் கட்டுரையையும் கூட வைத்துப் படித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.