ராணித்தேனீ வளர்க்க எந்தக் கருவி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் 1991-92இல் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் இந்தியத் தேனீக் குடும்பங்களைப் பெருவாரியாக அழித்தது. தப்பிய குடும்பங்களின் வழியேதான் தொழில் மீண்டது. எந்தத் தாயிலிருந்து பெருக்குகிறோம் என்பதே முக்கியம் என்பதை அது காட்டியது. ஆகவே ராணி வளர்ப்புக் கருவியை மதிப்பிட முதல் அளவுகோல் இது: நாம் விரும்பும் தாயின் புழுவை, நாம் குறித்த நாளில் ராணியாக்க அது உதவுகிறதா? இரண்டாவது, அது நம் தேனீக்குப் பொருந்துகிறதா?

குடி பிரியும் பருவத்தில் தேனீக்களே கட்டும் ராணி அறைகளை வெட்டி வைப்பது செலவில்லாத வழி. அந்த அறைகளில் ஊட்டத்துக்கும் குறைவில்லை. ஆனால் முதலில் குடி பிரியும் குடும்பத்திலிருந்தே ஆண்டுதோறும் ராணி எடுத்தால், குடி பிரியும் குணத்தையே பெருக்குகிறோம். மேலும், ரப்பர் துளிர்த்துத் தேன்வரத்து தொடங்கும் தை, மாசிக்குள் குடும்பங்கள் பலத்திருக்க வேண்டும். தேனீக்கள் அறை கட்டும் நாளோ நம் கையில் இல்லை.

ஐரோப்பாவில் ஜென்டர், நிக்கோட் பெயர்களில் விற்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் இந்த இரு குறைகளையும் தீர்க்கின்றன. ராணியை அதில் அடைத்தால் கழற்றக்கூடிய கிண்ணங்களில் முட்டையிடும். புழுவைத் தொடாமலே கிண்ணத்தை மாற்றலாம். கண்பார்வை மங்கியவருக்கும் கை நடுங்குபவருக்கும் இது பெரும் உதவி. ஆனால் அந்த அறைகள் மேற்கத்தியத் தேனீயின் அளவுக்குச் செய்தவை. இந்தியத் தேனீயின் அறை அதைவிடச் சிறியது. அளவு ஒவ்வாத பெட்டியை நம்பிப் பணம் போடுவது வீண். மேற்கத்தியத் தேனீ வளர்ப்பவர் தாராளமாக வாங்கலாம்.

மிஞ்சுவது புழு மாற்றும் ஊசி. 1889இல் அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளர் டூலிட்டில் தன் நூலில் விளக்கிய புழு மாற்றும் முறையே இன்றைய முறைக்கு அடிப்படை: பொரித்து ஒரு நாள் ஆகாத புழுவை மெழுகுக் கிண்ணத்துக்கு மாற்றி, ராணி இல்லாத பலமான குடும்பத்திடம் கொடுப்பது. நுனி உருண்ட மரக்குச்சியை நீரில் நனைத்து, உருகிய தேன்மெழுகில் தோய்த்தால் கிண்ணம் தயார். குச்சியின் பருமனை நம் தேனீக்கு ஏற்பச் செதுக்கிக்கொள்ளலாம். குறை ஒன்றுண்டு: கை பழகும்வரை பல புழுக்கள் வீணாகும். அந்த இழப்பைப் பயிற்சி ஈடுகட்டிவிடும். பொருந்தாத அளவை எந்தப் பயிற்சியும் ஈடுகட்டாது.

அடைகாக்கும் மின்பெட்டி சிறு வளர்ப்பாளருக்குத் தேவையில்லை; பலமான குடும்பமே அந்த வெப்பத்தைத் தரும். கவனிக்க வேண்டியது, புது ராணி இணைசேரும்வரை தங்கும் இணைசேர்க்கைப் பெட்டி. புழு மாற்றிய பத்தாம் நாளுக்குள் அறைகளைப் பிரித்து வைக்காவிட்டால், முதலில் வெளிவரும் ராணி மற்றவற்றைக் கொன்றுவிடும். ஒரு கோப்பைத் தேனீ மட்டுமே கொள்ளும் குட்டிப் பெட்டி மேற்கத்தியத் தேனீக்குப் போதும். இந்தியத் தேனீ கூட்டைக் கைவிட்டு ஓடத் தயங்காதது. கூட்டம் சிறுத்தால் இன்னும் எளிதில் ஓடும். எனவே இந்தியத் தேனீ வளர்க்கும் நியூட்டன் பெட்டியின் சட்டங்களே பொருந்தும் மூன்று சட்டப் பெட்டி வேண்டும். புழு அடை ஒன்றும் தேன் அடை ஒன்றும் உள்ளே இருந்தால் கூட்டம் தங்கும். இணைசேர்ந்த பின் அதே சட்டங்களைப் பெரிய பெட்டிக்கு மாற்றலாம்.

இந்தியத் தேனீ வளர்ப்பவருக்கு என் முடிவு: ஊசியும் கையால் செய்த மெழுகுக் கிண்ணமும் போதும். மிச்சமாகும் பணம் முழுவதும் மூன்று சட்டப் பெட்டிகளுக்குப் போகட்டும். புழு மாற்றும் திறமை எவ்வளவு இருந்தாலும், இணைசேரும்வரை தங்க இடமில்லாத ராணியால் ஒரு குடும்பமும் பெருகாது.