ஐந்து இடங்களின் நிறை

2011 ஒக்டோபர் 29ஆம் திகதி, இந்தியாவில் முதன்முதலாக நடைபெற்ற போர்மியுலா வன் போட்டியின் தகுதிகாண் சுற்று கிரேட்டர் நொய்டாவிலுள்ள புத்தா ஓடுதிடலில் இடம்பெற்றது. அச்சுற்றின்போது மைக்கேல் சூமாக்கரின் வழியைத் தடுத்தார் எனக் கண்ட நடுவர் குழு, நரேன் கார்த்திகேயனுக்குப் புறப்படும் வரிசையில் ஐந்து இடங்களைப் பின்தள்ளும் தண்டனையை விதித்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கார்த்திகேயன் 2005இல் இத்துறையுட் புகுந்த முதல் இந்தியர். ஹிஸ்பானியா அணியில் பருவத்தின் நடுவே தம் இடத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து, சொந்த நாட்டுப் போட்டிக்கென மீண்டு வந்தவர். எனவே தமிழ் வாசகர் பலர் இத்தீர்ப்பை ஓர் அவமதிப்பாகவே கொண்டிருப்பர். ஆயின் தீர்ப்பின் குறை அவர்கள் தேடும் இடத்தில் இல்லை.

அன்று ஓடியவை 24 கார்கள். முதற் பகுதியில் ஏழு, இரண்டாம் பகுதியில் ஏழு எனக் கழிய, எஞ்சிய பத்தும் முன்வரிசைகளுக்காகப் போட்டியிட்டன. முதற் பகுதியிலேயே கழிந்த கார்த்திகேயனுக்குப் பின்னால் ஐந்து கார்கள் இருக்கவில்லை. இல்லாத இடங்களுக்கு ஒருவரை எங்ஙனம் தள்ளுவது? தண்டனை ஏட்டில் ஐந்தாக இருந்தது. திடலில் அதன் பெரும்பகுதி நிறைவேற்றப்பட முடியாததாயிற்று. இதே ஐந்து இடங்கள் 2007 ஓகஸ்டில் ஹங்கேரியில் பெர்னாண்டோ அலொன்சோவுக்கும் விதிக்கப்பட்டன. திருத்தகத்தில் தம் அணித்தோழர் ஹமில்டனைக் காக்கவைத்தார் என்பது குற்றச்சாட்டு. முதலிடத்தில் நின்றவர் ஆறாம் இடத்திலிருந்து புறப்பட, முதலிடம் பெற்ற ஹமில்டனே போட்டியையும் வென்றார். எண் ஒன்று, நிறை வேறு.

புத்தா திடலிலேயே இதனினும் தெளிவான சான்று உண்டு. வெள்ளிக்கிழமை முற்பயிற்சியில் இரட்டை மஞ்சட் கொடிகளைப் பொருட்படுத்தாமைக்காக லூயிஸ் ஹமில்டனும் சேர்ஜியோ பெரஸும் தலா மூன்று இடங்களை இழந்தனர். குற்றமும் ஒன்று, நாளும் ஒன்று, நடுவரும் அவரே. ஹமில்டன் இரண்டாம் இடத்திலிருந்து ஐந்துக்கு இறங்கினார். பெரஸ் பதினேழிலிருந்து இருபதுக்கு இறங்கினார். முன்வரிசையை இழப்பவர் தூய காற்றையும் முதல் வளைவில் நெரிசலற்ற வழியையும் சேர்த்தே இழக்கின்றார். பதினேழாம் இடத்தினர் இழந்ததோ, ஏற்கெனவே இருந்த நெரிசலுள் இன்னும் சற்று ஆழமான ஓர் இடத்தை மாத்திரமே. ஞாயிறன்று பெரஸ் பத்தாவதாக வந்து ஒரு புள்ளியையும் பெற்றார். சிறிய அணிகளுக்கே அநீதி நேரும் என்ற பொதுவான முறைப்பாடு இங்குப் பொருந்தாமை மனங்கொள்ளத்தக்கது. இவ்வளவுகோல் வலியோரையே கடுமையாகத் தீண்டுகின்றது.

இதற்கு மறுமொழியும் இல்லாமலில்லை. நடுவர் குழு போட்டிக்குப் போட்டி மாறுவது. 2010 முதல் முன்னாள் ஓட்டுநர் ஒருவரும் அதில் அமர்த்தப்பட்டு வந்துள்ளார். இவ்வாறு மாறும் நடுவர்க்கு நிலையான எண் ஒரு கடிவாளமாகும். குற்றவாளி யார், அவரது கார் எத்தகையது என்று எடைபோடத் தொடங்கினால், தண்டனை ஆளைப் பார்த்து வழங்கப்படுகின்றது என்ற ஐயம் உடனே எழும். இவ்வாதம் வலுவானதே. ஆயினும் எண்ணை நிலைநிறுத்துவதற்கு, எதனை எண்ணுவது என்ற வினாவைக் கைவிட வேண்டியதில்லை. பந்தயத்தின் போதான தவறுகளுக்கு 2014இல் ஐந்து விநாடித் தண்டனை புகுத்தப்பட்டது. ஐந்து விநாடியை முதல்வரும் இறுக்கலாம், கடைசியாக வருபவரும் இறுக்கலாம். அதன் விளைவு பின்வருவோரின் இடைவெளியைப் பொறுத்து மாறும் என்பது உண்மையே. எனினும் எவரும் அதனைச் செலுத்த இயலாத நிலையில் இருப்பதில்லை. தகுதிகாண் சுற்றில் ஒருவரின் நேரத்தைக் கெடுத்தவரிடமிருந்து நேரத்தையே அறவிடுவது, இடத்தை அறவிடுவதிலும் பொருத்தமானது. (2006 மேயில் மொனாக்கோவின் ராஸ்காஸ் வளைவிலே காரை நிறுத்தி ஏனையோரின் சுற்றுக்களைக் கெடுத்தமைக்காகத் தம் நேரங்கள் யாவற்றையும் இழந்தவர் இதே சூமாக்கர்தான் என்பதையும் இடையே நினைவுகூரலாம்.)

ஒரே எண் எவ்விடத்தும் ஒரே நிறையுடையதாகாது என்பது வன்னி மாணவர்க்குப் புதிய செய்தியன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் மாட்டுவண்டிச் சவாரிகளிற்கூடக் காளைகளைத் தரம் பிரித்தே ஓடவிடுவர். பல்கலைக்கழக அனுமதியிலோ இவ்வினா வாழ்க்கையையே தீர்மானிக்கின்றது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது. அப்பின்தங்கிய பட்டியலில் இம்மூன்று மாவட்டங்களும் இடம்பெற்றுள்ளன. 1970களின் தரப்படுத்தல் தமிழ் மாணவர்க்கு இழைத்த அநீதியை இவ்வொதுக்கீட்டைக் காட்டி நியாயப்படுத்த முடியாது. அவ்வநீதியைக் காட்டி இதனை மறுப்பதும் தகாது. புறப்படும் இடத்தைக் கருதாத அளவுகோல் குருடானது என்ற அளவில், அனுமதி விதியை வகுத்தோர் பந்தய விதியை வகுத்தோரினும் ஒருபடி முன்சென்றுள்ளனர்.

பந்தய விதி எளியோரை உண்மையாகவே தாக்கும் இடம் வேறு. 2011இல் மீளக் கொண்டுவரப்பட்ட 107 வீத விதியின்படி, தகுதிகாண் சுற்றின் முதற் பகுதியில் மிக விரைவான நேரத்தின் 107 வீதத்தைத் தாண்டும் ஓட்டுநர், நடுவர் விசேடமாக இசைந்தாலன்றிப் பந்தயத்தில் ஓட முடியாது. புத்தா திடலில் டீமோ குளொக் அவ்வெல்லையைத் தாண்டியும் ஓட அனுமதிக்கப்பட்டார். அத்தகைய இசைவுக்கு வழக்கமாக ஆதாரமாகக் கொள்ளப்படுவது முற்பயிற்சியில் எட்டிய நேரமே. அதே ஆண்டு மார்ச்சில் மெல்பேணில் கார்த்திகேயனுக்கும் அவரது அணித்தோழர் லியுட்சிக்கும் அவ்விசைவு கிடைக்கவில்லை. அங்கே ஹிஸ்பானியா கார்கள் பொருத்தி முடிக்கப்படாமையால் முற்பயிற்சியில் மிகக் குறைவாகவே ஓடியிருந்தன. காட்டுவதற்கு அவர்களிடம் வேறு நேரம் இருக்கவில்லை. மறு ஆண்டும் அதே மெல்பேணில் அவ்வணியின் இரு கார்களும் பந்தயத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டன.