1204 என்றால் எந்தக் கட்டடம்?

ஒரே கட்டடமாக நிற்கும் ஹோட்டலில் 1204 என்றால் பெரும்பாலும் 12-ஆவது தளம், 4-ஆவது அறை. பல கட்டடங்கள் பரந்து கிடக்கும் ரிசார்ட்டில் அதே எண் முதல் கட்டடம், 2-ஆவது தளம், 4-ஆவது அறை என்றும் ஆகலாம். எண்ணை மட்டும் பார்த்து எதுன்னு சொல்லவே முடியாது. எங்க தொழில்ல இதைப் பிரிப்பான் இல்லாத டேட்டான்னு சொல்வோம்.

சரி, தள எண்ணையாவது நம்பலாமா? லாஸ் வேகாஸ் வின் ஹோட்டலில் 39-க்கு அடுத்த தளம் 50. சீன மொழியில் நாலும் சாவும் கிட்டத்தட்ட ஒரே ஒலி என்பதால் நாற்பதுகளையே தூக்கிவிட்டார்கள். அந்த எண் தளத்தின் பெயர்தான், எத்தனையாவது தளம் என்ற கணக்கு இல்லை.

சாதாரண நாளில் இது தொல்லையே இல்லை. வரவேற்பில் வரைபடம் தருவார்கள். நெஞ்சுவலி வந்த ராத்திரி? அமெரிக்காவில் 2018-இல் வந்த ரே பாம் சட்டத்தைத் தொடர்ந்து, ஹோட்டல் போனிலிருந்து 911-ஐ அழைத்தால் இருப்பிட விவரமும் கூடவே போகவேண்டும் என்று விதி வந்தது. நல்லதுதான். ஆனால் கையில் இருப்பது செல்போன். பதற்றத்தில் வாயில் வருவது "1204" மட்டும்தான். ஆம்புலன்ஸ் எந்த வாசலுக்குப் போகும்?

கட்டடத்துக்கு எழுத்து, தளத்துக்கும் அறைக்கும் எண்: 'ஏ-204'. இவ்வளவுதான் வேண்டும். கதவில் ஒரு எழுத்துக்கா இடமில்லை?