பூஜ்யம் இட்ட கையொப்பம்

கணினி வழி வரும் ஆவணத்தின் கையொப்பம் உண்மையானதா எனச் சோதிக்க நீள்வட்ட வளைவரைக் கணிதம் பயன்படுவதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். அக்கையொப்பம் என்பது இரண்டு பெரிய எண்களே. இதை விளக்கும் நூல்கள் பலவற்றில் எனக்கு ஒரு குறை உண்டு. வளைவரையின் அழகை விரிவாகச் சொல்லும் அவை, சோதனையின் முதல் விதியை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. 'இரு எண்களும் 1-க்குக் குறையாமலும், அடியெண்ணைவிடச் சிறியனவாகவும் இருக்க வேண்டும்' என்பதே அவ்விதி.

இதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? சோதனையில் இரண்டாம் எண்ணால் வகுக்க வேண்டியுள்ளது. மீதிக் கணக்கில் வகுத்தல் என்றால் நேர்மாறால் பெருக்குதல். அடியெண் 7 எனக் கொள்வோம். 3-ஐ 5-ஆல் பெருக்கினால் 15. அதை 7-ஆல் வகுக்க மீதி 1. எனவே 3-இன் நேர்மாறு 5. அடியெண் பகா எண்ணாயின், ஃபெர்மாவின் தேற்றத்தைக் கொண்டு இதனை எளிதில் காணலாம். அடியெண்ணில் 2-ஐக் கழித்து, 3-ஐ அந்த 5-ஆம் அடுக்குக்கு உயர்த்துங்கள்: 243. அதன் மீதியும் 5!

இனி, 0-வின் நேர்மாறு யாது? அப்படி ஒன்று இல்லை. 0-வை எதனால் பெருக்கினாலும் 1 வராது. ஆனால் நமது குறுக்குவழியோ தயங்காமல் 0 என்று விடை தருகிறது. தேற்றம் 0-வை விலக்கியே சொல்லப்பட்டது என்பதை இயந்திரம் அறியாது.

2020-இல் வெளியான ஜாவா 15-இல் நேர்ந்தது இதுவே. முன்பு சி பிளஸ் பிளஸ் மொழியில் இருந்த நிரலை ஜாவாவில் திருப்பி எழுதியபோது அந்த முதல் விதி விடுபட்டுப்போயிற்று. இரு எண்களையும் 0 என்று இட்டால், நேர்மாறு 0. பெருக்கும் எண்கள் இரண்டும் 0. கிடைப்பது முடிவிலிப் புள்ளி. அதன் கிடை ஆயத்தையும் நிரல் 0 என்றே எடுத்துக்கொண்டது. கையொப்பத்தின் முதல் எண்ணும் 0 அல்லவா? இரண்டும் ஒத்துப்போகவே, கையொப்பம் சரி என்றது கணினி. எந்த ஆவணத்துக்கும், எவர் பெயராலும், இந்த வெற்றுக் கையொப்பம் செல்லும்! 2022 ஏப்ரலில்தான் பிழை திருத்தப்பட்டது.

வளைவரையில் குற்றமில்லை, 78 இலக்க அடியெண்ணிலும் குற்றமில்லை. தேற்றத்தைக் கற்று, அதன் நிபந்தனையை மறந்ததே குற்றம். வகுப்பில் '0 நீங்கலாக' என்பதைக் கரும்பலகையின் மூலையில் சிறிதாக எழுதும் என் போன்ற ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. அடுத்த முறை ஒரு சூத்திரத்தைப் படிக்கும்போது, அது எங்கே செல்லாது என்பதை முதலில் தேடுங்கள்.